காப்பீடு இல்லாத பெண்களுக்கு அமெரிக்காவில் இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை: யாருக்கு, எதுவரை?

அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது சற்றுக் குறைவு. ஆனால் அதனால் இறக்கும் விகிதம் ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். சீக்கிரம் பரவும் 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்ற மார்பகப் புற்றுநோய் வகை கறுப்பினப் பெண்களிடம் சுமார் இரண்டு மடங்கு காணப்படுகிறது. அது ஒரு காரணம். மீதியை உடம்பின் மேல் போட முடியாது. காப்பீடு இல்லாமலோ செலவுக்குப் பயந்தோ அடுத்த பரிசோதனை தள்ளிப்போகிறது, சிகிச்சையும் தாமதமாகிறது.

இந்த இடத்தில்தான் 1990இல் வந்த சட்டத்தின்படி நடக்கும் தேசிய மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதல் திட்டம் உதவுகிறது. எல்லா இனத்துப் பெண்களுக்கும் உண்டு. மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பணம் தருகிறது, மாநிலங்கள் நடத்துகின்றன. பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் அது 'எவ்ரி உமன் கவுண்ட்ஸ்'.

காப்பீடு இல்லாதவர்களும், இருந்தும் இந்தப் பரிசோதனைகளின் செலவை ஏற்காத காப்பீடு வைத்திருப்பவர்களும் சேரலாம். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 250 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சில மாநிலங்கள் இதைவிடக் குறைவாக வைத்திருக்கின்றன. மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு வயது 40 முதல் 64. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர், எச்பிவி பரிசோதனைகளுக்கு 21 முதல் 64. கட்டி தென்பட்டாலோ குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தாலோ, 40 ஆகாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். சேர்த்துக்கொள்ள வழி இருக்கலாம்.

பரிசோதனை முடிவில் சந்தேகம் என்று வந்தால், நோயை உறுதிப்படுத்தும் அடுத்த கட்டப் பரிசோதனைகளும் இதிலேயே அடக்கம். சிகிச்சைச் செலவு மட்டும் இதில் வராது. அதற்குத்தான் 2000இல் இன்னொரு சட்டம் வந்தது: இத்திட்டத்தில் நோய் கண்டறியப்பட்ட பெண்ணுக்கு, வேறு தகுந்த காப்பீடு இல்லையென்றால், மாநிலம் மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டைக் கொடுக்கலாம். எல்லா மாநிலங்களும் அதை ஏற்றுக்கொண்டன. என்னைக் கேட்டால், இலவச மேமோகிராமைவிடப் பெரிய உதவி இதுதான்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. திட்டத்துக்கு வெளியே, தனியார் மருத்துவரிடம் நோய் கண்டறிந்தவர்களை எல்லா மாநிலங்களும் இந்த மெடிகெய்டில் ஒரே மாதிரி ஏற்பதில்லை. அதனால் கட்டி தட்டுப்பட்டதும் முதலில் மாநிலத் திட்ட அலுவலகத்தை அழைத்து, எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பரிசோதனைக்குப் போகலாம்.

திட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயால் கறுப்பினப் பெண்கள் இறக்கும் விகிதம் வெள்ளையினப் பெண்களைப் போல் சுமார் இரண்டு மடங்கு. அதை முன்கூட்டியே கண்டறிய வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. பாப் ஸ்மியர் அதற்கானது அல்ல. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் விட்டுவிட வேண்டாம், திசுப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கருப்பையில் நார்த்திசுக் கட்டி (ஃபைப்ராய்டு) உள்ள கறுப்பினப் பெண்களிடம் ஸ்கேன் இந்தப் புற்றுநோயைத் தவறவிடுவதுண்டு.