மூன்று கட்டை, ஆறு படம்: பாதி வாய்ப்பு என்பது யார் கணக்கு?

கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். நிகழ்தகவுப் பாடத்துக்குள் நுழையும் முன் மாணவர்களிடம் ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். திருவிழாக் கூட்டத்தில் ஓரமாக விரிப்பைப் போட்டுக் கட்டை உருட்டுவார்களே, சில ஊர்களில் லங்கர் கட்டை என்பார்கள், அதில் மூன்று கட்டை வைத்து ஆடும் வகைதான் கேள்வி. விரிப்பில் ஆறு படங்கள், ஒவ்வொரு கட்டையின் ஆறு முகங்களிலும் அதே ஆறு படங்கள். நீங்கள் ஒரு படத்தில் 100 ரூபாய் வைக்கிறீர்கள். அந்தப் படம் ஒரு கட்டையில் விழுந்தால் 100 லாபம், இரண்டில் விழுந்தால் 200, மூன்றிலும் விழுந்தால் 300. ஒன்றிலும் விழாவிட்டால் வைத்த பணம் போனது. ஆடலாமா?

ஒரு கட்டைக்கு ஆறில் ஒரு வாய்ப்பு, மூன்று கட்டைக்கு ஆறில் மூன்று, ஆகவே பாதிக்குப் பாதி என்று வகுப்பில் பெரும்பாலோர் சொல்வார்கள். போதாததற்கு இரட்டை விழுந்தால் கூடுதல் பணம் வேறு! அப்படியானால் உருட்டுபவருக்குத்தான் நஷ்டம் என்று முடிவுகட்டி விடுவார்கள்.

வாய்ப்புகளை இப்படிக் கூட்ட முடியாது. கூட்டலாம் என்றால் ஆறு கட்டை உருட்டும்போது உங்கள் படம் விழுந்தே தீர வேண்டும். அப்படி நடப்பதில்லை. மூன்று கட்டைகள் விழக்கூடிய விதங்கள் 6×6×6, அதாவது 216. உங்கள் படம் எதிலுமே விழாத விதங்கள் 5×5×5, அதாவது 125. மிச்சம் 91. ஆக, வெல்லும் வாய்ப்பு 42 விழுக்காடுதான்.

இதே சறுக்கல் பழைய பிரான்ஸில் பெரிய மூளைகளுக்கு வேலை கொடுத்திருக்கிறது. ஒரு பகடையை நான்கு முறை உருட்டி ஒரு முறையாவது ஆறு விழும் என்று பந்தயம் கட்டினால் வாய்ப்பு 51.8 விழுக்காடு. அப்படியென்றால் இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி இரட்டை ஆறு விழும் என்று கட்டினாலும் அதே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும்தானே என்று தெ மெரே என்ற கனவான் கேட்டார். ஆறுக்கு நான்கு, முப்பத்தாறுக்கு இருபத்து நான்கு, விகிதம் ஒன்றுதான். ஆனால் விடை 49.1. இந்தச் சிக்கலைப் பற்றி 1654இல் கணித அறிஞர் பாஸ்கல் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவுக்கு எழுதினார். நிகழ்தகவுக் கணிதம் உருவெடுத்தது அந்தக் கடிதப் போக்குவரத்தில்தான்.

சரி, இரட்டைக்குக் கிடைக்கும் கூடுதல் பணம் இந்தக் குறையை ஈடுகட்டாதா? அதைத்தான் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக வருவதோ போவதோ எவ்வளவு என்ற கணக்கு, சொல்கிறது. 216 விதங்களும் ஒவ்வொரு முறை விழுந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்டையில் மட்டும் படம் விழும் விதங்கள் 75, இரண்டில் 15, மூன்றிலும் 1. வரவு 7,500 + 3,000 + 300, மொத்தம் 10,800 ரூபாய். இழப்பு 12,500. பள்ளம் 1,700. அதை 216 ஆட்டங்களுக்குப் பிரித்தால், ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியாக 7 ரூபாய் 87 பைசா உங்கள் கையை விட்டுப் போகிறது.

உருட்டுபவரின் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆறு பேர் ஆளுக்கொரு படத்தில் நூறு நூறாக வைக்கிறார்கள். மூன்று கட்டையிலும் வெவ்வேறு படம் விழுந்தால் மூவரிடம் வாங்கி மூவருக்குக் கொடுக்கிறார். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரட்டை விழுந்தால் நால்வரிடம் 400 வாங்கி 300 கொடுக்கிறார். மூன்றும் ஒன்றாக விழுந்தால் ஐவரிடம் 500 வாங்கி 300 கொடுக்கிறார். எந்த உருட்டலிலும் அவர் இழப்பதே இல்லை! கூட்டம் ஆர்ப்பரிக்கும் இரட்டைதான் அவருக்கு வருமானம். கட்டையில் ஈயம் வைத்திருக்கிறார், கை வித்தை காட்டுகிறார் என்று சந்தேகப்படுவார்கள். இந்தக் கணக்கு கையில் இருக்கும்போது அவர் எதற்காகத் திருட வேண்டும்?

“அப்படியானால் எங்கள் மாமா ஜெயித்துக்கொண்டு வந்தாரே?” என்று ஒரு மாணவராவது கேட்பார். வந்திருப்பார். நூறு ரூபாய் வீதம் நூறு ஆட்டம் ஆடினால் சராசரி இழப்பு 787 ரூபாய். ஆனால் அதைச் சுற்றிய ஏற்ற இறக்கம் ஆயிரம் ரூபாய்க்கு மேல். அதனால் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் லாபத்தோடுதான் எழுந்திருப்பார்கள். ஊரெல்லாம் பேசுபவர்கள் அவர்கள்தான். மற்ற மூவர் வாயைத் திறப்பதில்லை. ஆயிரம் ஆட்டம் ஆடியவர்களில் லாபத்தில் இருப்பவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாக வை என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. நூறில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 12,700 ரூபாய் போயிருக்கும். தொடங்கும் ஒவ்வொரு முறையும் அப்படி ஆகும் வாய்ப்பு 2.2 விழுக்காடு. மாலை முழுவதும் உட்காருகிறவருக்கு அது சின்ன எண் அல்ல.

பணமே இல்லாத தாயத்திலும் இந்த மயக்கம் உண்டு. 0, 1, 2, 3 என்று முகங்கள் கொண்ட இரண்டு தாயக்கட்டைகளில் தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழ எட்டில் ஒரு வாய்ப்பு. சராசரியாக எட்டு உருட்டல் தேவை. ஆனால் எட்டு உருட்டியும் தாயம் விழாதவர்கள் மூன்றில் ஒருவர். அவர் ஒன்பதாவது முறை கட்டையைத் தேய்த்து, “இனி விழுந்தே ஆக வேண்டும்” என்பார். கட்டைக்கு நினைவு கிடையாது. அப்போதும் எட்டில் ஒன்றுதான்.

தாயத்தில் காய் வெளியே வராமல் கிடக்கும், அவ்வளவுதான். கைபேசியில் வரும் பகடை ஆட்டங்களில் எனக்குக் கவலை அளிப்பது வேகம். விரிப்பில் நிமிடத்துக்கு ஒரு ஆட்டம் என்றால் ஒரு மணி நேர இழப்பு சராசரியாக 472 ரூபாய். திரையில் ஆறு விநாடிக்கு ஒன்று என்றால் அதே விதியில் 4,722. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களின் இணைப்புகள் இன்னும் கைக்குக் கை வந்துகொண்டிருக்கின்றன.

வீட்டில் யாராவது இதில் இறங்கியிருந்தால், எத்தனை முறை ஜெயித்தாய் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில்தான் வரும். வங்கிக் கணக்கிலிருந்து போனது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று இரண்டு கூட்டுத்தொகைகளை மட்டும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகும் நிறுத்த முடியவில்லை என்றால் அது கணக்கு வாத்தியார் தீர்க்கும் விஷயம் அல்ல. 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைத்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.