கடைசியில் போடும் ஹாப்ஸ்: வாசனையும் வரும், வெடியும் வரும்

பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவைக் கடைசியில் போட்டால்தான் வாசனை நிற்கும். வீட்டில் பீர் செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சரிதான், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் எந்தக் கடைசி என்று யாரும் கேட்பதில்லை. அடுப்பை அணைத்த பிறகா, நொதித்தல் எல்லாம் முடிந்த பிறகா? பீரைப் பாட்டிலில் அடைக்கிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

நான் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு சின்ன ப்ரூவரியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஹாப்ஸ் விளைகிற பூமி இது. வில்லமெட் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே, வடக்கே போனால் யாக்கிமா. அதனால் வீட்டுத் தயாரிப்பாளர்களுக்கும் குறைவில்லை, ஹில்ஸ்பரோ பக்கம் ஐடி வேலையில் இருக்கும் நம்மவர்கள் சிலரும் அதில் உண்டு. (1978-இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு இங்கே வீட்டுப் பயன்பாட்டுக்கு பீர் செய்யலாம். தமிழ்நாட்டில் இது குற்றம், அங்கே இருப்பவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) பீர் சரியில்லை என்றால் "என்ன ஆச்சுன்னு கொஞ்சம் பாருங்க" என்று பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். இப்போதெல்லாம் அப்படி வருவதில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான்.

அதற்குமுன், ஏன் கடைசியில் போடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹாப்ஸில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஆல்ஃபா அமிலம் வோர்ட்டில், அதாவது பீராக மாறப்போகும் மால்ட் சாற்றில், கொதித்து உருமாறினால்தான் கசப்பு ஒழுங்காக இறங்கும், அதற்காகத்தான் ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறோம். மிர்சீன், லினலூல், ஜெரானியால் போன்ற வாசனை எண்ணெய்களின் கதை வேறு, அவை ஆவியோடு சேர்ந்து ஓடிவிடும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்காமல் தளதளவென்று கொதிக்கவிட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், இதுவும் அதே சங்கதிதான். ஒரு மணி நேரம் கொதித்த காஸ்கேட் ரக ஹாப்ஸில் பம்ளிமாஸ் வாசனையைத் தேடினால் கிடைக்காது, கசப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

அடுப்பை அணைத்த உடனே போட்டாலும் முழுப்பலன் இல்லை, 95 டிகிரிச் சூட்டில் கசப்பு தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். வோர்ட்டை 75–80 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, அப்போது ஹாப்ஸைப் போட்டு, மெதுவாகச் சுழற்றிவிட்டு, மூடிபோட்டு 20–30 நிமிடம் வையுங்கள். இதைத்தான் வேர்ல்பூல் என்கிறோம். அந்தச் சூட்டில் கசப்பாக மாறும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும், எண்ணெயும் அதிகம் பறக்காது. 20 லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரை தாராளமாகப் போடலாம்.

இன்னொரு கடைசி, ட்ரை ஹாப்பிங். நொதித்தல் முடிகிற நேரத்தில், பீர் நொதிக்கும் கலனான ஃபெர்மெண்டரிலேயே ஹாப்ஸைக் கொட்டுவது. சூடே கிடையாது என்பதால் வாசனை அப்படியே இறங்கும். பொடித்துக் குளிகையாக அழுத்திய பெல்லட் ஹாப்ஸ் என்றால் தன்னிடம் உள்ள வாசனையில் பெரும்பகுதியை ஒரே நாளில் விட்டுவிடுகிறது, இரண்டு வாரம் ஊறப்போட வேண்டிய அவசியமே இல்லை. நிறையக் கொட்டினால் நிறைய மணக்கும் என்பதும் ஓரளவுக்குத்தான். ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் காஸ்கேட் ஹாப்ஸை வைத்துச் செய்த ஆய்வில், லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டியதும் பழவாசனை கூடுவதற்குப் பதிலாக மூலிகை, தேயிலை வாடைதான் தூக்கலாக வந்தது. ஆக 20 லிட்டருக்கு 160 கிராமே உச்சவரம்பு. அதற்கு மேல் போடுகிறவர்கள் ஹாப்ஸ் கடைக்காரரை வாழவைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், ஊறிய ஹாப்ஸைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டுகிற பழக்கம் இருந்தால், வீட்டில் நாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹாப்ஸ் நாய்க்கு விஷம். தின்றுவிட்டால் உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடவேண்டியதுதான்.

இனி அந்தக் கோளாறுக்கு வருவோம். ஹாப்ஸ் பூவில் எண்ணெயும் அமிலமும் மட்டும் இல்லை, மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் வகை நொதிகளும் கொஞ்சம் இருக்கின்றன. நொதித்தல் முடிந்த பீரில் ஈஸ்ட் தின்னமுடியாத டெக்ஸ்ட்ரின் என்ற மிச்சம் இருக்கும், பீருக்கு அந்தக் கனத்தைக் கொடுப்பது அதுதான். ட்ரை ஹாப்பிங் செய்ததும் ஹாப்ஸின் நொதி இந்த டெக்ஸ்ட்ரினைச் சின்னச் சின்ன சர்க்கரையாக நறுக்கிப் போடும். தூங்கப்போன ஈஸ்ட் எழுந்து மறுபடி தின்ன ஆரம்பிக்கும். இதை ப்ரூவரிக்காரர்கள் ஹாப் க்ரீப் என்பார்கள்.

ஹாப்ஸ் தூக்கலான நவநாகரிக ஐபிஏ வகை பீர் வந்த பிறகு முளைத்த விஷயம் என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் ஹோரஸ் பிரவுன், ஹாரிஸ் மாரிஸ் என்ற இருவர் 1893-லேயே, பீப்பாயில் போடும் ஹாப்ஸ் பீரை மறுபடி நொதிக்க வைக்கிறது, அதற்குக் காரணம் ஹாப்ஸில் இருக்கும் நொதி என்று எழுதிவிட்டார்கள். பீப்பாய்க்கு அது நல்லது, உள்ளே கொஞ்சம் வாயு சேரும், மிஞ்சினால் அடைப்பைத் தளர்த்திவிடலாம். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிட்டருக்கு இத்தனை கிராம் என்று ஹாப்ஸைக் கொட்டி, இறுக்கமாக மூடிய கேனிலும் பாட்டிலிலும் அடைக்க ஆரம்பித்த பிறகுதான் பழைய கட்டுரையைத் தூசிதட்டி எடுத்தார்கள்.

எனக்கு வரும் பாட்டில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சிங்க்கில் வைத்து மூடியைத் திறந்ததும் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு அடியில் படிந்த ஈஸ்ட் கிளம்பி மேலே வரும், நுரை கழுத்து வழியாகப் பொங்கும், பாதி பீர் சிங்க்கோடு போய்விடும். மிச்சத்தை மோந்து பார்த்தால் முதலில் பம்ளிமாஸ், அதன் பின்னாலேயே தியேட்டர் பாப்கார்னின் வெண்ணெய் வாடை. அது டையசிட்டைல், ஈஸ்ட் மறுபடி வேலை செய்துவிட்டுப் பாதியில் விட்டுப்போனதற்கு அடையாளம். வாயு போகிறவரை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, பீரின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை, அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் போட்டால் 1.010 காட்டும். கொண்டுவந்தவரின் நோட்டில் 1.014 என்று இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும்.

"பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை போல" என்று அவர்களே பழியை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் புளிப்பு இருக்காது, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாக்டீரியாவும் இருக்காது, நல்ல ஈஸ்ட் மட்டும்தான். (டையஸ்டாட்டிகஸ் என்ற ஈஸ்ட் கலந்தாலும் இதே மாதிரி ஆகும், அது தனிக்கதை.) கேட்டுப்பார்த்தால் அந்த 1.014-ஐ ட்ரை ஹாப்பிங்குக்கு முன்னால் எடுத்திருப்பார்கள். நொதித்தல் முடிந்தது என்று குறித்துக்கொண்டு, ஹாப்ஸைப் போட்டு, மூன்று நாளில் சர்க்கரை கலந்து பாட்டிலில் அடைத்துவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். கிராவிட்டி ஒரு புள்ளி, அதாவது 0.001 இறங்கினால், பீரின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி அளவு கார்பன் டையாக்சைடு உண்டாகும். நான்கு புள்ளிக்கு இரண்டு மடங்கு. நீங்கள் சர்க்கரை போட்டு ஏற்றியதோடு சேர்த்து ஏற்கெனவே 2.4 மடங்கு இருக்கும். மொத்தம் 4.4. சாதாரணப் பழுப்பு பீர் பாட்டிலில் 3-ஐத் தாண்டினாலே நான் அதன் பக்கத்தில் நிற்கமாட்டேன். கண்ணாடி தெறித்தால் முகத்துக்கும் கைக்கும்தான் முதலில் வரும்.

அதனால் பாட்டிலில் அடைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் ஹாப்ஸில் பெரும்பங்கை வேர்ல்பூலுக்கு மாற்றுங்கள். அந்தச் சூட்டில் நொதி பெரும்பாலும் செத்துவிடும், வாசனை தங்கும். ட்ரை ஹாப்பிங்கின் அந்தப் பச்சை மணம் அப்படியே வராது என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வேர்ல்பூல் வாசனையே போதும். கெக் என்ற உலோகப் பீப்பாயில் ஊற்றிக் குளிரில் வைக்கிறவர்களுக்கு இவ்வளவு பயம் தேவையில்லை, அழுத்தம் ஏறினால் வால்வைத் திறந்துவிடலாம்.

இல்லை, எனக்கு ட்ரை ஹாப்பிங்தான் வேண்டும் என்றால் நொதித்த அதே சூட்டிலேயே வைத்துச் செய்யுங்கள், கிராவிட்டியை ஹாப்ஸ் போட்ட பிறகு எடுங்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து ஒரே எண் வந்தால்தான் அடுத்த வேலை. ஒரு டம்ளர் பீர் எடுத்து, மூடிபோட்டு, 65 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறியதும் மோந்து பாருங்கள். வெண்ணெய் வாடை அடித்தால் ஈஸ்ட்டுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. காத்திருந்தால் வாசனை போய்விடுமே என்பார்கள். வாசனையைக் கெடுப்பது ஆக்சிஜன்தான். மூடியைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்காமல், முடிந்தால் கார்பன் டையாக்சைடை உள்ளே விட்டுவைத்தால் சில நாள் காத்திருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. அடைக்கும்போது சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றிலும் ஊற்றி வையுங்கள். அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறதென்றால் கண்ணாடிப் பாட்டில்களின் நிலைமை தெரிந்துவிடும்.

ஏற்கெனவே அடைத்துவிட்டு இதைப் படிக்கிறீர்களா? பாட்டிலைக் குலுக்காதீர்கள், வெறுங்கையோடு தூக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் முழுக்கை சட்டையும் போட்டுக்கொண்டு, கனமான துண்டால் மூடி, ஒவ்வொன்றாகக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் நன்றாகக் குளிர்ந்த பிறகு துண்டு சுற்றியபடியே மூடியை லேசாகத் தளர்த்தி வாயுவை விட்டு, திரும்ப மூடலாம். ஒன்று ஏற்கெனவே வெடித்திருந்தால் மீதிக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாம். அந்த அறையைச் சாத்திவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், வீட்டுத் தயாரிப்பில் பழகிய ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.