இணைதிறன் தளும்பல்

ஆங்கிலத்தில் ‘வேலன்ஸ் ஃப்ளக்சுவேஷன்’. சில அருமண் சேர்மங்களில் ஓர் அணுவின் 4எஃப் கூட்டிலுள்ள எலக்ட்ரான் எண்ணிக்கை, அடுத்தடுத்த இரண்டு முழு எண்களுக்கிடையே ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதை இது குறிக்கும். சீரியம், சமாரியம், யூரோப்பியம், தூலியம், இட்டெர்பியம் ஆகியவற்றின் சேர்மங்களில்தான் பெரும்பாலும் காணப்படுகிறது. இவற்றில் 4எஃப் மட்டம் ஃபெர்மி மட்டத்தை (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றலின் மேல் எல்லை) ஒட்டியே கிடப்பதால், ஓர் எலக்ட்ரான் கூட்டை விட்டு, எலக்ட்ரான்கள் படிகமெங்கும் உலவும் கடத்துபட்டைக்குப் போய்வர ஆற்றல் அதிகம் தேவைப்படுவதில்லை.

வேலன்ஸ் என்பதன் வேர் லத்தீன் ‘வலேரே’: வலுவாக இருத்தல். தமிழ்நாட்டுப் பாடநூல் ‘இணைதிறன்’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘வலுவளவு’ என்கிறது. வேர்ப்பொருளுக்கு நெருக்கம் பின்னதே (வலு, வலேரே என்ற ஒலி ஒற்றுமையை நம்பி உறவு கொண்டாட வேண்டாம்). ஃப்ளக்சுவேஷனில் இருப்பது ‘ஃப்ளுக்டுஸ்’, அதாவது அலை. ஆனால் ‘அலைவு’ என்றால் நம் இயற்பியலில் ஊசல் போலக் குறித்த காலத்தில் திரும்பும் இயக்கம். இங்கே அப்படிக் காலவட்டம் எதுவும் இல்லை. ‘ஏற்ற இறக்கம்’ பங்குச்சந்தைக்கு உரியதாகிவிட்டது. இலங்கையில் விலைக்குச் சொல்லும் ‘தளம்பல்’, அதன் மறுவடிவான ‘தளும்பல்’ ஆகியவையே பொருந்தும். நிறைகுடம் தளும்பாது என்பது மட்டும் இங்கே செல்லாது: இட்டெர்பியத்தின் 14 எலக்ட்ரான் நிறைந்த கூடும் தளும்பி 13 ஆகும்.

‘கலப்பு இணைதிறன்’ என்றும் இதை எழுதுகிறார்கள். அது குழப்பம் தரும். யூரோப்பியம் சல்ஃபைடு வகைகளுள் ஒன்றில் (மூன்று யூரோப்பியம், நான்கு கந்தகம்) சில அணுக்கள் 2+ (இரண்டு எலக்ட்ரான் இழந்தவை), மற்றவை 3+. குளிர்வித்தால் அவற்றிடையே எலக்ட்ரான் தாவுவது நின்றுவிடும். தளும்பலில் எல்லா அணுவும் ஒரேபோல் மாறிக்கொண்டிருக்கும். கெல்வின் பூச்சியத்தை நெருங்கினாலும் அது நிற்காது. அணுக்கரு காமா கதிரை உட்கவர்வதை அளக்கும் மோஸ்பவர் நிறமாலையில் இந்த வேறுபாடு தெரியும். அறை வெப்பநிலையில் இரண்டும் ஒரே கோடுதான் காட்டும், அதை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. குளிர்வித்தால் முன்னதில் கோடு இரண்டாகப் பிரியும். தளும்பலில் இடம் நகருமே தவிரப் பிரியாது. அந்தக் கருவி பார்ப்பது நானோநொடிகளின் சராசரியை. தளும்பலோ நொடியைப் பத்து லட்சம் கோடியாகப் பகுத்தால் ஒரு பங்கு அளவில் நடந்துவிடுகிறது. அதைவிடவும் விரைவான எக்ஸ் கதிர் உட்கவர்தலில், எல்-3 விளிம்பில் (அணுவின் உட்கூட்டு எலக்ட்ரான் ஒன்றைக் கிளப்பும் ஆற்றலில்), 7, 8 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியில் இரண்டு முகடுகள் தெரியும். அவற்றின் பரப்பு விகிதத்திலிருந்தே இணைதிறன் கிடைக்கிறது. மாதிரியின் மேல் ஆக்சைடு படிந்திருந்தால் 3+ முகடு பொய்யாக உயரும்.

எடுத்துக்காட்டுக்குச் சமாரியம் சல்ஃபைடு. சி. வி. ராமனிடம் பணியாற்றிய அ. ஜெயராமன், பெல் ஆய்வகத்தில் தம் குழுவினருடன் 1970-இல் இதை அழுத்திப் பார்த்தார். சுமார் 6.5 கிலோபாரில் கருநிறக் குறைகடத்தி ஒரே தாவலில் பொன்னிற உலோகமாகிறது. சமையல் உப்பைப் போன்ற அதன் படிக அமைப்பு மாறுவதில்லை. அணிக்கோவை நீளம் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகின் பக்க அளவு) 5.97-இலிருந்து ஏறக்குறைய 5.70 ஆங்ஸ்ட்ராமுக்குச் சுருங்குகிறது. முழு 3+ ஆகியிருந்தால் 5.62 வந்திருக்கும். இடைக்கணக்குப் போட்டால் 0.27-ஐ 0.35-ஆல் வகுக்க 0.77, ஆக இணைதிறன் 2.77. மெருகேற்றினாலே மேற்பரப்பு பொன்னிறமாகும். பொடியாக அரைக்கும்போது இதை மறந்தால் இரண்டு நிலைகளும் கலந்த மாதிரியை அளக்க நேரும்.

காந்தவியலில் இதன் விளைவு விந்தையானது. அறை வெப்பநிலையில் காந்தத் திருப்புத்திறன் உள்ள (சிறு காந்தங்கள் போன்ற) தனி அயனிகள் போல நடந்துகொள்ளும் இட்டெர்பியம் டிரைஅலுமினைடின் காந்த ஏற்புத்திறன் (வெளிக் காந்தப்புலத்துக்கு இணங்கும் அளவு), 120 கெல்வினை ஒட்டி ஓர் அகன்ற மேடு கண்டு, பிறகு தாழ்ந்து சமனாகிறது. அயனிகளின் காந்தத் திசைகள் சீராக அமையும் காந்த ஒழுங்கு வருவதில்லை. 4எஃப் திருப்புத்திறன் கரைந்துபோகிறது. சில கெல்வினில் வளைகோடு மறுபடி செங்குத்தாக ஏறினால் உடனே காந்த ஒழுங்கு என்று எழுதிவிட வேண்டாம். பெரும்பாலும் அது இட்டெர்பியம் ஆக்சைடு மாசு. வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறும் உறுப்பைப் பொருத்திக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

தூலியம் செலினைடு விலக்கு. அதில் 2+, 3+ இரண்டு அயனிகளுக்குமே திருப்புத்திறன் உண்டு என்பதால் 3.5 கெல்வின் அருகே எதிர் ஃபெரோகாந்த ஒழுங்கு (காந்தத் திசைகள் எதிரெதிராக அமைவது) வருகிறது. தூலியம் சற்றுக் குறைந்தாலே இணைதிறன் 3-ஐ நோக்கி நகர்ந்துவிடும். அதனால் இந்தச் சேர்மத்தின் எந்த அளவீட்டோடும் அணிக்கோவை நீளத்தையும் சேர்த்துக் குறிப்பிடாவிட்டால் இரண்டு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிட முடியாது.