ஊதிய நெருக்கம்: 'சேலரி கம்ப்ரெஷன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பதினைந்து ஆண்டுகளாக ஒரே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவரும் இணைப் பேராசிரியர் ஒருவர். அதே துறையில், முனைவர் பட்டம் பெற்ற கையோடு இந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர். இருவர் சம்பளத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தேடும் அளவுக்கு ஆகிவிடுகிறது. இந்த நிலையைத்தான் ஆங்கிலத்தில் 'சேலரி கம்ப்ரெஷன்' என்கிறார்கள். தூரம் மறைந்ததோடு நிற்காமல் புதியவர் மூத்தவரை முந்திவிட்டால் அதற்கு 'சேலரி இன்வெர்ஷன்' என்று பெயர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஊதியம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டு சொற்களும் வந்துவிடும்.

இதைத் தமிழில் எழுத உட்காருபவருக்கு முதலில் தோன்றுவது 'சம்பளச் சுருக்கம்' அல்லது 'ஊதியச் சுருக்கம்'. அதை வாசிப்பவர், யாருக்கோ சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் புரிந்துகொள்வார். நடப்பது அதுவல்ல. இங்கே யாருடைய சம்பளமும் குறைவதில்லை. மூத்தவருக்கும் ஆண்டுதோறும் ஏறுகிறது, புதியவருக்கும் ஏறுகிறது. குறுகுவது இருவருக்கும் இடைப்பட்ட தூரம் மட்டுமே. ஆங்கிலச் சொல்லில் இந்தத் 'தூரம்' தொக்கி நிற்கிறது. பழகியவர்கள் அதைத் தாமே நிரப்பிக்கொள்வார்கள். தமிழுக்குக் கொண்டுவரும்போது இரண்டு சொற்களை மட்டும் பெயர்த்துவிட்டு, தொக்கி நின்றதை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும்.

எப்படி இந்தத் தூரம் குறைகிறது? ஒரு பல்கலைக்கழகத்தில் சம்பளத்தை இரண்டு வெவ்வேறு விசைகள் ஏற்றுகின்றன. புதிதாகச் சேருபவருக்கு என்ன கொடுப்பது என்பதை வெளிச்சந்தை முடிவு செய்கிறது. கணினி அறிவியல், நிதியியல், கணக்கியல் போன்ற துறைகளில் பட்டம் முடித்தவரைத் தனியார் நிறுவனங்களும் பிற பல்கலைக்கழகங்களும் போட்டி போட்டு அழைக்கும்போது, அந்த விலையைக் கொடுத்தால்தான் ஆள் கிடைக்கும். உள்ளே ஏற்கெனவே இருப்பவருக்கு எவ்வளவு உயர்த்துவது என்பதையோ நிறுவனத்தின் வரவு செலவு முடிவு செய்கிறது. முதல் விசை வேகமானது. இரண்டாவது மெதுவானது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொடக்கச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்வு, சந்தையில் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வு. பத்தாண்டுக்குப் பிறகு பழையவர் வாங்குவது ஏறத்தாழ 122. அந்த ஆண்டு புதிதாகச் சேருபவர் வாங்குவது 148. நடுவில் பதவி உயர்வு கிடைத்து, அதற்கென்று 10 விழுக்காடு கூடுதலாகச் சேர்த்தாலும் பழையவர் 134க்குத்தான் வருவார்.

இந்தக் கணக்கில் என்னை நிறுத்திவைத்தது வேறொன்று. இரண்டு விசைகளும் ஒரே வேகத்தில், ஆளுக்கு 3 விழுக்காடு என்று ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பத்தாண்டுக்குப் பிறகு பழையவருக்கு 134. புதியவருக்கும் அதே 134. அதாவது உள்ளே கிடைக்கும் உயர்வு சந்தைக்கு இணையாக இருந்தாலே போதும், பத்தாண்டு அனுபவத்தின் மதிப்பு பூச்சியமாகிவிடும். தூரம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் உள்ளே தரும் உயர்வு சந்தையை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். "ஆண்டுதோறும் உயர்வு கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்ற பதில் இந்தச் சிக்கலைத் தொடவே இல்லை என்பது இங்கே விளங்கும்.

உயர்வு நிறுத்திவைக்கப்படும் ஆண்டுகள் இதை இன்னும் விரைவாக்கும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகும், 2020 பெருந்தொற்றின்போதும் பல பல்கலைக்கழகங்கள் ஊதிய உயர்வை நிறுத்திவைத்தன. உள்ளே இருப்பவர் இழந்த ஓராண்டு உயர்வு அவர் அடிப்படைச் சம்பளத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு வரும் ஒவ்வோர் உயர்வும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்கிடப்படும். சந்தை மீண்டபின் சேருபவருக்கு அந்தச் சுமை இல்லை. எல்லோருக்கும் ஒரே தொகையாக உயர்வு கொடுப்பதும் ஒரு வகையில் நெருக்கும். 60 வாங்குபவருக்கும் 90 வாங்குபவருக்கும் 30 சேர்த்தால் 90, 120 ஆகும். ரூபாயோ டாலரோ, வேறுபாடு 30 தான், மாறவில்லை. ஆனால் ஒன்றரை மடங்காக இருந்தது ஒன்றே மூன்றில் ஒரு மடங்காக இறங்கிவிட்டது. தாழ்ந்த சம்பளக்காரருக்கு உதவும் நல்ல நோக்கத்தோடு செய்வது இது. அதைக் குறை சொல்ல மாட்டேன், விளைவைச் சொல்கிறேன்.

வெளியே வேறு வேலைக்கு அழைப்புக் கடிதம் பெற்று, அதைக் காட்டிச் சம்பளத்தை உயர்த்திக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. வீடு, பிள்ளைகளின் பள்ளி, துணையின் வேலை, முதுமையான பெற்றோர் என்று ஓர் ஊரில் வேர் பிடித்துவிட்டவரால் அந்தக் கடிதத்தைத் தேடிப் போக முடியாது. அவர் போகமாட்டார் என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். பொருளியலாளர் மைக்கேல் ரான்சம் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்காட்டியது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்களில், அனுபவம் ஒத்திருக்கும் இருவரை ஒப்பிட்டால், ஒரே இடத்தில் நெடுநாள் தங்கியவருக்கே ஊதியம் குறைவாக இருந்தது. இடம்பெயர்வது கடினமாக இருக்கும்போது, வேலை கொடுப்பவரின் கை ஓங்குகிறது என்பது அவர் தந்த விளக்கம். ஆராய்ச்சி வெளியீடுகளையும் கணக்கில் சேர்த்தால் இந்த வேறுபாடு குறைந்துவிடுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் மறுத்ததும் உண்டு. அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

இனி சொற்களுக்கு வருவோம்.

'சேலரி' என்பதன் மூலம் இலத்தீனச் சொல்லான 'சலாரியும்'. உப்பைக் குறிக்கும் 'சால்' அதன் வேர். உரோமப் படைவீரருக்கு உப்பாகவே சம்பளம் அளந்தார்கள் என்ற கதை எங்கும் உலவுகிறது. அதற்கு நேரடியான பழைய சான்று இல்லை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, படைப்பணிக்குத் தரும் தொகையின் பெயர் உப்பிலிருந்து வந்தது என்று மட்டும் குறிக்கிறார். தமிழில் 'சம்பளம்' என்ற சொல்லுக்கும் இதைப் போலவே ஓர் உப்புக் கதை உண்டு. சம்பா நெல்லும், அளம் என்ற உப்பும் கூலியாகத் தரப்பட்டதால் 'சம்பு + அளம்' சம்பளம் ஆயிற்று என்பார்கள். வடமொழியில் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோற்றைக் குறிக்கும் 'சம்பலம்' என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே சொல் சற்று வேறுபட்ட ஒலியோடு வழங்குகிறது. எந்த வழியில் பார்த்தாலும் சம்பளம் என்பது பிழைப்புக்கு அளந்து தருவது. நெல், உப்பு, சோறு.

'ஊதியம்' அப்படியல்ல. அதன் பழம்பொருள் ஆதாயம். "முதலிலார்க்கு ஊதியம் இல்லை" என்கிறது குறள் (449). போட்ட முதலுக்கு மேல் கிடைக்கும் பேறு எதுவோ அதுதான் அங்கே ஊதியம். "ஊதியம் இல்லை உயிர்க்கு" (231) என்னும் இடத்திலும் பொருள் அதுவே. மாதச் சம்பளத்துக்கு இச்சொல்லை வழங்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான்.

நம் கலைச்சொல்லில் 'சம்பளம்' வேண்டாம், 'ஊதியம்' வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதில் இருக்கிறது. பதினைந்து ஆண்டு கற்பித்தல், வழிநடத்திய ஆய்வு மாணவர்கள், எழுதிய கட்டுரைகள், உட்கார்ந்த குழுக்கள் எல்லாம் அந்த ஆசிரியர் போட்ட முதல். அந்த முதலுக்கு மேல் வரவேண்டிய ஊதியம்தான் மறைகிறது. சம்பளம் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது, வீட்டில் உலை கொதிக்கிறது. பழம்பொருளில் ஊதியம் என்பது மட்டும் இல்லாமல் போகிறது.

'கம்ப்ரெஷன்' இலத்தீனத்தில் சேர்த்து அழுத்துதல் என்னும் பொருளில் பிறந்த சொல். தமிழில் இதற்கு அமுக்கம், இறுக்கம், சுருக்கம், நெருக்கம் என்று பல சொற்கள் கைவசம் உள்ளன. பொறியியலில் காற்றை அடைக்கும்போது அமுக்கம் பொருந்தும். 'ஊதிய அமுக்கம்' என்றாலோ ஊதியத்தை யாரோ மேலிருந்து அமுக்கிவைத்திருக்கும் படம் எழுகிறது. அது ஊதியத்தை உயரவிடாமல் அடக்குவது என்ற வேறொரு பொருள். 'இறுக்கம்' நிதித் தட்டுப்பாட்டை நினைவூட்டும். 'சுருக்கம்' பற்றி முன்பே சொன்னேன்.

'நெருக்கம்' என்று சொல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டாவது இருக்க வேண்டும். ஒன்றே தனியாக இருந்தால் அங்கே நெருக்கம் இருக்க முடியாது. நெருக்கமாக நட்ட பயிர் என்றால் பயிர் சிறியது என்று யாரும் நினைப்பதில்லை, இடைவெளி குறைவு என்றே கொள்கிறோம். ஆங்கிலத்தில் தொக்கி நின்ற அந்தத் தூரம் தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. நெருங்கு, நெருக்கு என்று தன்வினையும் பிறவினையும் தமிழில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஊதியங்கள் தாமாக நெருங்கினவா, யாராவது நெருக்கினார்களா? 'நெருக்கம்' என்ற பெயர் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை சொல்லிவிடாமல் நிலையை மட்டும் சுட்டுகிறது. விடையை வினைச்சொல்லில் சொல்லிக்கொள்ளலாம். அன்பு, உறவு என்ற பொருளும் நெருக்கத்துக்கு இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். மக்கள் நெருக்கம், போக்குவரத்து நெருக்கம் என்று எழுதும்போது அந்தக் குழப்பம் வருவதில்லை. 'ஊதிய நெருக்கம்' என்பதிலும் வராது. முதன்முறை எழுதும்போது 'ஊதிய இடைவெளி நெருக்கம்' என்று விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை. பொருளியலில் இதே கம்ப்ரெஷன் நல்ல செய்தியாகவும் வரும். கிளாடியா கோல்டின், ராபர்ட் மார்கோ இருவரும் 1992இல் எழுதிய ஆய்வு, 1940களில் அமெரிக்காவில் உயர்ந்த கூலிக்கும் தாழ்ந்த கூலிக்கும் இடையிலான பெரும் பள்ளம் குறைந்ததை 'பெரும் கம்ப்ரெஷன்' என்று அழைத்தது. அங்கே குறைந்தது சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு. அதற்கு 'ஊதிய ஏற்றத்தாழ்வுக் குறைவு' என்று எழுதுவதே தெளிவு. பல்கலைக்கழகப் பேச்சில் வரும் சொல்லை அதோடு போட்டுக் குழப்பினால், தன் அனுபவத்துக்கு மதிப்புக் கேட்கும் ஆசிரியர் சமத்துவத்துக்கு எதிரானவர் போலத் தோன்றிவிடுவார். அது அவருக்குச் செய்யும் அநியாயம். புதியவர் மீதும் இதில் குற்றம் இல்லை. அவர் வாங்குவது அந்த ஆண்டின் சந்தை விலை. இன்னும் பத்தாண்டு அங்கேயே இருந்தால் அவரும் இதே இடத்தில்தான் நிற்பார்.

அரசு அலுவலகத் தமிழில் 'ஊதிய முரண்பாடு' என்ற சொல் ஏற்கெனவே நன்றாக வேரூன்றியிருக்கிறது. இளையவர் மூத்தவரைவிட அதிகம் பெறுவதற்கும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் ஒரே வேலைக்கு இரு ஊதியம், தவறான நிர்ணயம் என்று பலவும் அதில் அடங்கும். ஊதிய முரண்பாட்டைப் பொதுப்பெயராகவும், ஊதிய நெருக்கத்தை அதன் ஒரு வகையாகவும் கொள்ளலாம். முந்திவிடும் நிலைக்குத் 'தலைகீழ் ஊதியம்' என்பதே போதும், கேட்டவுடன் விளங்குகிறது. தூரத்தை மீட்டுத் தருவதற்கென ஒதுக்கும் நிதியை 'நெருக்கம் நீக்கும் நிதி' எனலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்: 'மூன்றாண்டு உயர்வு நிறுத்தத்தால் கணினித் துறையில் ஊதிய நெருக்கம் கூடியுள்ளது.' 'இணைப் பேராசிரியர் நால்வரில் இருவரின் நிலை தலைகீழ் ஊதியமாகிவிட்டது.' 'பதவி உயர்வுத் தொகையை உயர்த்தாமல் நெருக்கம் நீங்காது என்று ஆசிரியர் சங்கம் கூறுகிறது.'