லேப்டாப் சும்மா இருக்கும்போதே ஏன் சுடுகிறது?

"டாஸ்க் மேனேஜர்ல பிராசஸர் 1 சதவீதம்தான் காட்டுது, ஆனா அடிப்பக்கம் சுடுது, சார்ஜ் மளமளன்னு இறங்குது, கடையில பேட்டரியை மாத்தச் சொல்றாங்க, மாத்தலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பொறுங்கள். முதலில் யுஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். சூடு குறைந்தால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள், ஏதோ ஒரு டிரைவர், அதாவது செருகிய சாமானை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், பிராசஸரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கலாம்.

வேலை இல்லாதபோது பிராசஸர் தூங்கும் என்பது தெரிந்ததுதான். அந்தத் தூக்கத்தில் படிகள் உண்டு. 1996ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து, கம்ப்யூட்டரின் மின்சாரச் செலவை விண்டோஸ் மாதிரியான மென்பொருள் எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று வகுத்து வெளியிட்ட ஏசிபிஐ தரத்தில் சி0 என்றால் முழு விழிப்பு, சி1 லேசான கண்ணயர்வு, சி2, சி3 என்று போகப்போக ஆழம். பிற்பாடு வந்த சி6ல் கோரின் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதிகளில் ஒன்று) நிலையைத் தனியாக எழுதி வைத்துவிட்டு அதற்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆழமாகத் தூங்கினால் மிச்சமும் அதிகம், எழுந்திருக்க ஆகும் நேரமும் அதிகம். டாஸ்க் மேனேஜர் சொல்லும் 1 சதவீதம், பிராசஸர் எவ்வளவு நேரம் வேலை பார்த்தது என்ற கணக்கு. மீதி 99 சதவீத நேரம் எந்தப் படியில் கிடந்தது என்பது அதில் வராது, நம் வாசகரின் சார்ஜ் போவதெல்லாம் அங்கேதான்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2006ல் நடந்தது. இன்டெலின் கோர் டுயோ லேப்டாப்கள் வந்த புதிதில், சாதாரண யுஎஸ்பி 2.0 சாமான் ஒன்றைச் செருகினாலே பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். புதுப் பிராசஸர் மேல் சந்தேகம் விழுந்தது. கடைசியில் பார்த்தால் பிழை விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2ன் யுஎஸ்பி டிரைவரில். மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டது.

அதில் நடந்தது இதுதான். பென்டிரைவ் மாதிரியான சாமான்களுக்கான வேலைகளை டிரைவர் மெமரியில் ஒரு வளையமாகக் கோத்து வைக்கும், ஒவ்வொரு வேலையும் அடுத்ததின் முகவரியைச் சொல்லும், கடைசி வேலை முதலாவதைக் காட்டும். யுஎஸ்பி போர்ட்டுகளைக் கவனித்துக்கொள்ளும் சில்லான யுஎஸ்பி கன்ட்ரோலர் பிராசஸரைக் கேட்காமல் தானே நேரடியாக மெமரிக்குப் போய் அந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் படிக்கும். ஒரு சுற்று முழுக்க வேலையே இல்லை என்றால் சற்று ஓய்வெடுத்துவிட்டு மறுபடி வந்து பார்க்கும். அந்த ஓய்வு எவ்வளவு தெரியுமா? யுஎஸ்பி கன்ட்ரோலருக்கான தர ஆவணம் சொல்லும் கணக்கு 10 மைக்ரோவினாடி! அதாவது எதுவுமே இல்லாத வளையத்தைப் பார்க்க வினாடிக்குப் பல்லாயிரம் தடவை மெமரிக்கு ஓட்டம்.

கன்ட்ரோலர் மெமரியைப் படித்தால் பிராசஸருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அங்கேதான் வேடிக்கை. பிராசஸர் மாற்றிய மதிப்பு உடனே மெமரிக்குப் போய்விடாது, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரியான கேஷில் தங்கியிருக்கலாம். பேரேட்டில் இன்னும் ஏற்றாத கணக்கைச் சட்டைப்பையில் சீட்டாக வைத்துக்கொண்டு தூங்கும் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள், பேரேட்டைப் புரட்ட வருகிறவர் ஒவ்வொரு முறையும் அவரிடம் 'பையில் சீட்டு ஏதும் இருக்கா' என்று கேட்டே ஆகவேண்டும். சி2 வரைக்கும் பிராசஸர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். சி3ல் சொல்லாது, கேஷில் இருப்பது இருந்தபடியே இருக்கும், ஆனால் காது அடைத்துவிடும். அதனால் சி3க்கு அனுப்பும் முன் விண்டோஸ் ஒரு பிட்டை (0 அல்லது 1 என்று இருக்கும் குறி) பார்க்கிறது: சமீபத்தில் யாராவது மெமரிப் பக்கம் நேராக வந்தார்களா என்று சொல்லும் பிட். வந்திருந்தால் சி2வோடு சரி. நம் கன்ட்ரோலர்தான் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறதே, அந்தப் பிட் எப்போது பார்த்தாலும் 1தான். டிரைவர் செய்திருக்க வேண்டியது, வேலை தீர்ந்ததும் வளையத்தை ஓட்டும் ஒரே ஒரு பிட்டை அணைப்பது. அவ்வளவுதான்! சாமானும் ஒழுங்கு, பிராசஸரும் ஒழுங்கு. சாமான் வேலை செய்கிறதா என்று எல்லோரும் சோதிக்கிறார்கள், வேலை இல்லாதபோது அது என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு எந்தக் கம்பெனியிலும் ஆளும் நேரமும் ஒதுக்க மனசு வருவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்றைய பிராசஸர்கள் ஆழமாகத் தூங்கும் முன் கேஷைக் காலி செய்துவிடும், அதனால் இதே பிழை இதே வடிவில் வராது. ஆனால் கோர்கள் எல்லாம் தூங்கிய பிறகும் மொத்தச் சில்லும் தூங்க ஒரு வைஃபை கார்டோ எஸ்எஸ்டியோ இடம் கொடுக்காமல் இருக்கலாம்.

கண்டுபிடிக்க, விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையை எனர்ஜி என்ற சுவிட்சோடு (powercfg /energy) கொடுங்கள். 60 வினாடி கவனித்துவிட்டு ஒரு அறிக்கை எழுதித் தரும். அந்த நேரத்தில் எதையும் தொடாதீர்கள், பிரவுசரையும் மூடிவிடுங்கள். அறிக்கையில் செலக்டிவ் சஸ்பெண்டுக்கு, அதாவது வேலை இல்லாதபோது அந்தச் சாமான் மட்டும் தூங்கும் நிலைக்கு, போகாத யுஎஸ்பி சாமான் என்று ஏதாவது பெயர் இருந்தால் அதுதான் முதல் சந்தேகம். லினக்ஸ் என்றால் 2007ல் இன்டெல் வெளியிட்ட பவர்டாப் இருக்கிறது, எந்தப் படியில் எத்தனை சதவீத நேரம் கிடந்தது என்றே காட்டிவிடும். வெப்கேம், ப்ளூடூத், கைரேகை ரீடர் எல்லாம் பல லேப்டாப்களில் உள்ளுக்குள் யுஎஸ்பியில்தான் இணைந்திருக்கும், அவற்றைக் கழற்ற முடியாது, டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆள் அகப்பட்டதும் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்றே இருக்கும் டிரைவரைப் போடுங்கள், புது டிரைவர் வந்தபிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் பழையதற்கே திரும்புங்கள்.

'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும் புதுசு' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவதாவது செலவு குறைவு. பவர்டாப்பில் எல்லாவற்றையும் தானாகச் சரிசெய்யும் வசதி ஒன்று உண்டு, அதையும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். யுஎஸ்பி மவுஸையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும், இரண்டு வினாடி கையை எடுத்தால் போதும், அப்புறம் மவுஸை நகர்த்தினால் கர்சர் அசையாது, பட்டனை அழுத்தி எழுப்ப வேண்டியிருக்கும். மவுஸுக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுங்கள்.