பில்லில் வந்த கரி முகம்

திருவல்லிக்கேணியில், மேன்ஷன்கள் நெருக்கியடிக்கும் தெரு ஒன்றில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பக்கத்து மெஸ் அண்ணாச்சி ஒருநாள் பில்லைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். "தம்பி, எங்கப்பா மூஞ்சில எவன் கரியைப் பூசினான்?"

மெஸ்ஸைத் தொடங்கிய பெரியவரின் படம் பில்லின் தலைப்பில் வரவேண்டும். நெற்றித் திருநீறும் சட்டைக் காலரும் மட்டும் தெரிந்தன. மிச்சமெல்லாம் இருட்டு.

பில் போடும் தெர்மல் பிரிண்டர் ஒரு புள்ளியைச் சுடும், இல்லையென்றால் விட்டுவிடும். இடைப்பட்ட சாம்பல் அதற்குக் கிடையாது. போட்டோவிலோ கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255, நடுவில் சாம்பல் படிகள். 128-ல் கோடு போட்டு வெட்டினால் நம் மாநிற முகங்கள் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே விழுந்து கறுத்துவிடும்.

இதற்குத்தான் டிதரிங், அதாவது கறுப்புவெள்ளைப் புள்ளிகளைக் கலந்து தூவிச் சாம்பல் போலக் காட்டும் வித்தை. ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976-ல் வெளியிட்ட முறை இன்றும் ஓடுகிறது. மளிகைக்கடைக் கணக்குதான். ஒரு புள்ளியின் அளவு 100 என்றால் அது கறுப்பு, அதாவது 0. கையில் நிற்கும் 100-ஐ 16 பங்காக்கி, வலப்பக்கத்துக்கு 7, கீழ்வரிசையில் இடப்பக்கம் 3, நேர்கீழே 5, வலப்பக்கம் 1 என்று கொடுத்துவிடும். வலப்பக்கத்துப் புள்ளியும் 100 என்றால் இப்போது அது 143.75, வெள்ளையாகிவிடும். வெள்ளைக்கு 255 வேண்டுமே, கூடுதலாக எடுத்த 111.25 அக்கம்பக்கத்தார் தலையில் கடனாக இறங்கும். தள்ளிப் பார்த்தால் கண்ணுக்குச் சாம்பல்.

அவசரத்தில் நானும் சொதப்பினேன். 800 பிக்சல் அகலத்தில் டிதர் செய்து கொடுத்தேன். பில்லிங் மென்பொருள் அதைச் சுருக்க, பெரியவர் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கைலி டிசைன். 58 மி.மீ. ரோலில் அச்சு விழும் அகலம் பொதுவாக 48 மி.மீ.; மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, மொத்தம் 384. முதலில் அந்த அளவுக்குச் சுருக்கி, சூட்டில் புள்ளி கொஞ்சம் பரவும் என்பதால் முகத்தை வெளுப்பாக்கி, டிதரிங்கைக் கடைசியில் செய்யவேண்டும். அதன்பின் படத்தைத் தொடாதீர்கள். ஜேபெக்கில் சேமித்தாலோ வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலோ போச்சு. பிஎன்ஜியாக, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கடைப்பெயர், முகவரிக்கு டிதரிங் வேண்டாம். 'ழ'வின் வால் பிய்ந்து நிற்கும். எழுத்துக்கு 128 வெட்டே சரி. கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் போட்டோஷாப்பில் 'டிஃப்யூஷன் டிதர்' தொடாமல், சாம்பலைப் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாக மாற்றும் 'ஹாஃப்டோன் ஸ்கிரீன்' எடுங்கள். தனித்தனிப் பொடிப்புள்ளி வலைத்துணியில் நிற்காது.

சரியாக வந்த முதல் பில்லை அண்ணாச்சி ஆசையாகத் தோசைக்கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். அடுத்த வாரம் சூட்டில் பேப்பரே கறுத்துக் கிடந்தது. இந்தக் கரிக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டேன்.