ஆர்பிஎஸ்19: பாதி குறைந்தாலே ரத்தம் ஊறாத கதை

உடம்பில் எந்தப் புரதம் உருவாக வேண்டுமானாலும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துக் கொடுப்பது ரைபோசோம்தான். அந்த ரைபோசோமே 4 ஆர்என்ஏ இழைகளும் 80 புரதங்களும் சேர்ந்த ஒரு கூட்டு. அந்த 80-இல் ஒன்றை உருவாக்குவதற்கான குறிப்பு ஆர்பிஎஸ்19 என்ற மரபணுவில் இருக்கிறது. இது இருப்பதும் 19-ஆம் குரோமோசோமில்தான், ஆனால் பெயரில் உள்ள 19-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தப் புரதத்தில் மொத்தமே 145 அமினோ அமிலங்கள். ரைபோசோமுக்குப் பெரியது, சிறியது என்று இரண்டு பாதிகள், அதில் சிறிய பாதியில் இது உட்கார்ந்திருக்கும். வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை, அந்தப் பாதிக்கான ஆர்என்ஏ நீளமான இழையிலிருந்து சரியான அளவுக்கு வெட்டப்படுவதற்கே இது வேண்டும். இல்லையென்றால் அரைகுறை ஆர்என்ஏ தேங்கிப்போகும், சிறிய பாதி உருவாகாது.

அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று கெட்டால் இன்னொன்று சமாளித்துவிடும் என்றுதான் நினைப்போம், பல மரபணுக்களில் அப்படித்தான் நடக்கும். இதில் நடப்பதில்லை. ஒரு பிரதி பழுதானாலே, எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் போதிய அளவு உருவாகாத டயமண்ட்-பிளாக்ஃபேன் ரத்தசோகை வரலாம். பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தெரிந்துவிடும். இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 1999-இல் வெளியானது, நோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இதுதான் காரணம்.

சரி, ரைபோசோம் எல்லா செல்லிலும்தானே இருக்கிறது, அடி ஏன் முக்கியமாகச் சிவப்பணுவுக்கு விழுகிறது? என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மிக அழகான கேள்வி இதுதான். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாகப்போகும் செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டே ஹீமோகுளோபினையும் குவிக்க வேண்டும், அதற்கு ரைபோசோம் ஏராளமாக வேண்டும். அது குறைந்தால் ஒரு பக்கம், சேர இடமில்லாமல் மிஞ்சும் வேறு ரைபோசோம் புரதங்கள் போய் எம்டிஎம்2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. செல் பிரிவதற்குத் தடை போடும் பி53 என்ற புரதத்தை அழித்து அடக்கி வைத்திருப்பதே அந்த எம்டிஎம்2 தான் என்பதால் பி53 பெருகி, செல் பிரிவதை நிறுத்துகிறது, அல்லது செத்துப்போகிறது. இன்னொரு பக்கம், சிவப்பணு ஆவதற்கே உத்தரவு கொடுக்கும் காட்டா1 என்ற புரதத்தின் உற்பத்தியும் படுத்துவிடுகிறது. ரைபோசோம் மரபணு எதிலும் பழுதில்லாமல், காட்டா1 மரபணு மட்டும் கெட்ட சிலருக்கும் இதே ரத்தசோகை வந்திருப்பது இதற்கு நல்ல சாட்சி.